ஆயாவுக்கு இன்னா வயசு?

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க ஆயாவோட குடும்ப பென்ஷன் விஷயமா ஒரு ஆபீஸுக்கு போயிருந்தேன். தாத்தா மத்திய அரசு வேலையில இருந்தவரு, அவரு போனதுக்கப்புறம் ஆயாவுக்கு பென்ஷன் வந்துட்டிருக்கு, 80 வயசு முடிஞ்சா அதுல 20 சதவீதம் கூட போட்டு தருவாங்க, 85 முடிஞ்சா 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு முடிஞ்சா முழுசா இன்னொரு மடங்கு. அப்ப ஆயாவுக்கு எத்தினி வயசுன்னு கேள்வி வந்துச்சு. ஆதார்ல 01-01-1945. ஓட்டர் ஐடி ரொம்ப பழசு, அதுல கணக்கு போட்டா 1932. ஒரே ஆளுக்கு ஒரு கார்டுல 80, இன்னொரு கார்டுல 93. கவுண்டர்ல இருந்த பையன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு, "மேடம், பாட்டிக்கு உண்மையில என்ன வயசு?"ன்னு கேட்டாரு. எனக்கு சொல்ல தெரியல.

நான் குடியாத்தம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல விலங்கியல் டீச்சர். மரபியல், பரிணாமம், உயிரினத்தொகைன்னு இருபது வருஷமா பிளஸ் டூ பசங்களுக்கு நடத்திட்டிருக்கேன். என்னை இடுப்புல தூக்கி வளத்த பொம்பளைக்கு வயசு என்னன்னு கேட்டா வாயடைச்சு நிக்கறேன், அது மனசுல முள்ளு மாதிரி தச்சிடுச்சு.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்டயே கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும் பாப்பா. எங்கம்மா இன்னா எழுதியா வச்சிது. இருக்கும் ஒரு எம்பது, தொண்ணூறு"ன்னு சொல்லிட்டு வெத்தலை இடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

இந்த "எம்பது, தொண்ணூறு" ஆயா மட்டும் சொல்றது இல்ல. நம்ம நாட்டு சென்சஸ்ல ஒவ்வொரு வயசுலயும் எத்தனை பேருன்னு படம் போட்டு பாத்தா 30, 35, 40, 50, 60ங்கற இடத்துல எல்லாம் கம்பம் நட்ட மாதிரி உசந்து நிக்கும், பக்கத்துல 41, 59, 61 எல்லாம் பள்ளமா இருக்கும். ஜனங்க பூஜ்யத்துலயும் அஞ்சுலயும் முடியற வயசைத்தான் சொல்லுவாங்க. எங்கப்பா தலைமுறையில பாத்தீங்கன்னா ஊர்ல பாதி பேருக்கு ஜூன் மாசம்தான் பொறந்தநாள், ஏன்னா ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியார் பையன் கையை தலைக்கு மேல போட்டு காதை தொடச் சொல்லி பாத்துட்டு, அஞ்சு முடிஞ்ச மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிடுவாரு. எங்கப்பாவுக்கு ஜூன் 10, 1949. ஜப்பான் மாதிரி எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைக்கற நாட்டுலயே 2010ல பதிவேட்டை சரி பாத்தப்ப, நூறு வயசு தாண்டினவங்கன்னு பேப்பர்ல இருந்தவங்கள்ல 2,30,000 பேருக்கு மேல எங்க இருக்காங்கன்னே தெரியல. நிறைய பேரு எப்பவோ செத்துப் போனவங்க, பதிவேட்டுல இருந்து பேரு மட்டும் எடுக்கல. முதுமையை ஆராயறவங்களுக்கு முதல் தலைவலியே இதுதான், வயசு தப்பா இருந்தா அதுக்கு மேல கட்டற எல்லா கணக்கும் சாய்ஞ்சிடும்.

அப்படின்னா சர்டிபிகேட்டே இல்லாத ஜீவராசிக்கு எப்படி வயசு கண்டுபிடிக்கறாங்க? இதுக்கு நான் பசங்களுக்கு சொல்ற முதல் உதாரணம் பொய்கை சந்தை. செவ்வாய்க்கிழமை காலையில போனீங்கன்னா பாக்கலாம். போன வருஷம் சின்ன மாமா பசு வாங்கப் போறப்ப நானும் கூட போனேன். தரகர் இடது கையால மூக்கணாங்கயித்தை இழுத்துப் பிடிச்சு, வலது கட்டைவிரலை மாட்டோட வாய் ஓரத்துல விட்டு கீழ் உதட்டை மடக்கறாரு, ஒரே செகண்டு, "ரெண்டு பல்லு"ங்கறாரு. மாட்டுக்கு முன்பல்லு கீழ்தாடையில மட்டும்தான், எட்டு. பால்பல்லு சின்னதா இருக்கும், நடு ரெண்டும் விழுந்து அகலமான பல்லு வந்துட்டா ரெண்டு வயசு தாண்டிச்சு, அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டும் வந்துட்டா கடை சேர்ந்துடுச்சும்பாங்க. கடை சேர்ந்ததுக்கப்புறம் பல்லு தேயறதை வச்சுத்தான் சொல்லணும், அங்கதான் தரகருக்குள்ளயே சண்டை வரும், ஒருத்தர் ஏழு வருஷம்பாரு, இன்னொருத்தர் பத்தும்பாரு. காட்டுல மானையும் நரியையும் ஆராயறவங்களுக்கும் இதே கதைதான். வளர்ற வயசுல உடம்பு நேரம் தவறாம ஒவ்வொண்ணா காட்டும், வளந்து முடிஞ்சப்புறம் குத்துமதிப்புதான். மீன் பரவாயில்ல, காதுக்குள்ள ஒரு சின்ன கல்லு இருக்கும், அதை அறுத்து பாத்தா மரத்துக்கு இருக்கற மாதிரி வருஷத்துக்கு ஒரு வளையம்.

பறவைக்கு இது எதுவுமே கிடையாது. முப்பது வயசு கடல்பறவையும் மூணு வயசு கடல்பறவையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். அதனால காலுல வளையம் மாட்டி விட்டுட்டு காத்திருக்கணும், வேற வழியில்ல. பசிபிக் கடல்ல மிட்வேன்னு ஒரு தீவுக்கூட்டம், அங்க 1956ல சாண்ட்லர் ராபின்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் ஒரு பெண் ஆல்பட்ராஸ் பறவைக்கு வளையம் மாட்டினாரு. 2002ல அவரே திரும்ப அங்க போய் பிடிச்ச பறவைங்கள்ல அதே பறவை இருந்துச்சு. இப்ப அதுக்கு விஸ்டம்னு பேரு, 2024 கடைசியில கூட முட்டை போட்டிருக்கு. அதுக்கு எத்தினி வயசுன்னா 74க்கு குறையாதுன்னு அப்ப சொன்னாங்க. எப்படி சொன்னாங்க தெரியுமா? 1956ல அது முட்டை மேல உக்காந்திருந்துச்சு, அந்த ஜாதி பறவை அஞ்சு வயசுக்கு முன்னாடி முட்டை போடாது, அதனால 1951க்கு அப்புறம் பொறந்திருக்கவே முடியாது. இதை படிச்சிட்டிருந்தப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு, ஆயாவுக்கும் இதேதானேன்னு. எங்கம்மா பொறந்தது 1954. ஆதார்ல இருக்கற 1945 உண்மைன்னா ஆயா ஒம்போது வயசுல பிள்ளை பெத்திருக்கணும்.

சரி, ஆயாவை அப்புறம் பாக்கலாம். இந்த வளையம் மாட்டி விடற வேலையில இன்னொரு விஷயம் கிடைக்குது, மொத்தம் எத்தனை இருக்குன்னு எல்லாத்தையும் எண்ணாமலே சொல்லலாம். கிளாஸ்ல இதுக்கு புளியங்கொட்டை வச்சிருக்கேன். ஒரு குண்டான் நிறைய கொட்டை, அதுல 50 எடுத்து சுண்ணாம்பு தடவி திரும்ப உள்ள போட்டு நல்லா கலக்கி, கண்ணை மூடிட்டு 60 அள்ளு. அதுல 12 சுண்ணாம்பு கொட்டை வந்துச்சுன்னா, நீ அள்ளினதுல அஞ்சுல ஒண்ணு அடையாளம் வச்சது, அப்ப மொத்தத்துலயும் அஞ்சுல ஒண்ணுதான் அந்த 50, ஆக குண்டான்ல 250 கொட்டை. பசங்க எண்ணி பாப்பாங்க, 240 இருக்கும், 263 இருக்கும், அந்த கிட்டத்தட்டல அவங்க மூஞ்சி மலர்றதை பாக்கணுமே. புலிக்கு சுண்ணாம்பு தடவ முடியாது, ஆனா ஒவ்வொரு புலிக்கும் கோடு வேற வேற, தானா எடுக்கற கேமராவுல விழற கோட்டை வச்சே அடையாளம் வச்சுக்கலாம்னு நாகரஹொளெ காட்டுல உல்லாஸ் காரந்த் 1990கள்ல செஞ்சு காட்டினாரு. 2022 கணக்குல இந்தியாவுல சராசரியா 3,682 புலின்னு சொன்னது இந்த வழியிலதான். அடையாளம் வச்சது திரும்ப திரும்ப எத்தனை வருஷம் கண்ணுல படுதுன்னு பாத்தா ஒவ்வொரு வயசுலயும் எவ்வளவு சாகுதுன்னும் வந்துடும். சைபீரியாவுல வெறும் ஏழு கிராம் இருக்கற ஒரு வௌவால் வளையம் மாட்டி 41 வருஷம் கழிச்சு உயிரோட கிடைச்சிருக்கு. எலி அதை விட பெரிசு, பத்திரமா வீட்டுல வச்சு வளத்தாலும் ரெண்டு மூணு வருஷத்துல செத்துடும். எங்க ஊரு ஏரிக்கரை அரசமரத்துல தொங்கற வௌவாலை பாக்கறப்பல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வந்துடும்.

ஏன் இப்படி? எலிக்கு ரெண்டு மூணு வருஷத்துல தேஞ்சு போற உடம்பு வௌவாலுக்கு மட்டும் எப்படி தாங்குது? முதுமைன்னா மெஷின் தேயற மாதிரின்னு நாம சும்மா சொல்லிடறோம், அது பத்தாது.

எங்கப்பா எல்.ஐ.சி. ஏஜென்டா இருந்தவரு. சின்ன வயசுல அவரு பைக்குள்ள இருந்த பிரீமியம் புக்கை எடுத்து வாய்ப்பாடு மாதிரி படிப்பேன். வயசு கூடக் கூட பிரீமியம் கூடும்னு தெரியும், ஆனா அது ஒரே சீரா கூடாது, முப்பதுல கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருந்தது ஐம்பதுல தாவ ஆரம்பிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கறது 1825ல லண்டன்ல பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ்ங்கறவரு கண்டுபிடிச்ச கணக்கு. யூதருங்கறதால யுனிவர்சிட்டியில இடம் கிடைக்காம தானே படிச்ச மனுஷன் அவரு. பெரியவங்களுக்கு சாகற வாய்ப்பு சுமார் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகுது. முப்பதுல ஒரு பங்குன்னா 38ல ரெண்டு, 46ல நாலு, 54ல எட்டு, 62ல பதினாறு, 70ல முப்பத்திரண்டு, 78ல அறுபத்து நாலு. ஒரு ஆளை நேருக்கு நேரா பாத்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஆயிரம் ஆயிரம் பேரோட சாவை வயசுவாரியா எழுதி வச்சாதான் இந்த இரட்டிப்பு கண்ணுக்கு தெரியும். இருபது வருஷம் பாடம் நடத்தி எனக்கு மனசுல ஊறிப்போன விஷயம் இது. வயசாகறது ஒவ்வொரு உடம்புலயும் நடக்குது, ஏன் நடக்குதுங்கற பதில் கூட்டத்துலதான் இருக்கு.

அந்த பதிலை 1951ல லண்டன்ல பீட்டர் மெடவார்ங்கற உயிரியல் விஞ்ஞானி ஒரு சொற்பொழிவுல சொன்னாரு. அவரு சொன்னது லேப்ல உடையற டெஸ்ட் டியூபை வச்சு, நான் எங்க பெரிய மாமாவோட டீக்கடை கிளாஸை வச்சு சொல்றேன். மாமாவுக்கு பள்ளிகொண்டா பக்கம் ரோட்டு மேல டீக்கடை. கடையில நூறு கிளாஸ்னு வச்சுக்கோங்க, மாசத்துக்கு பத்துல ஒண்ணு உடையும், கழுவறப்ப நழுவும், லாரிக்காரர் கை தட்டிவிடும், உடைஞ்சதுக்கு பதிலா மாமா புதுசு வாங்கி வச்சுடுவாரு. கண்ணாடிக்கு முதுமை கிடையாது, பழசும் புதுசும் ஒரே மாதிரிதான் உடையும். ஆனாலும் இன்னிக்கு வாங்கின நூறு கிளாஸ்ல ஒரு வருஷம் கழிச்சு 28தான் மிஞ்சும், ரெண்டு வருஷத்துல 8, மூணு வருஷத்துல 2. இப்ப ஒரு பேச்சுக்கு, கிளாஸ் எல்லாம் குட்டி போடும்னு வச்சுக்கோங்க. வாங்கின முதல் மாசமே விரிசல் விடற குணம் ஒரு கிளாஸுக்கு இருந்தா அந்த வம்சமே அத்தோட முடிஞ்சுது. மூணு வருஷம் கழிச்சு விரிசல் விடற குணம் இருந்தா? அதுக்குள்ள நூத்துல 98 வேற காரணத்துக்கு உடைஞ்சு போயாச்சு, போறதுக்கு முன்னாடி குட்டியும் போட்டாச்சு, அந்த குணம் குட்டிங்க கிட்ட போய் சேர்ந்தாச்சு. இயற்கைத் தேர்வுக்கு அந்த விரிசல் கண்ணுலயே படாது. இப்படி தலைமுறை தலைமுறையா பின்வயசுல மட்டும் கெடுதல் பண்ற மரபணுவெல்லாம் வடிகட்டப்படாம சேர்ந்துகிட்டே வந்துச்சு, அதுதான் முதுமைங்கறாரு மெடவார்.

ஒரு தடவை டீ குடிச்சிட்டே மாமாகிட்ட இதை சொன்னேன். கையில இருந்த கிளாஸை கொஞ்ச நேரம் திருப்பி திருப்பி பாத்துட்டு, "அப்ப பத்திரமா இருக்கற கடையில கிளாஸு நல்ல கிளாஸாத்தான் இருக்கணும் இல்ல?"ன்னு கேட்டாரு. எனக்கு புல்லரிச்சிடுச்சு, ஏன்னா அதுதான் அடுத்த படி. மாசத்துக்கு நூத்துல ஒண்ணுதான் உடையற கடைன்னா மூணு வருஷ கிளாஸே நிறைய இருக்கும், அந்த வயசு விரிசல் அங்க கண்ணுல படும், வடிகட்டப்படும். வௌவாலு பறந்து தப்பிச்சுக்கும், எலியை பாம்பு, ஆந்தை, பூனைன்னு எல்லாம் தின்னும். ஸ்டீவன் ஆஸ்டட்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஜார்ஜியா கரைக்கு பக்கத்துல சப்பேலோங்கற தீவுல இதை நேராவே பாத்தாரு. ஒப்போசம்னு பை வச்ச பிராணி, பெருச்சாளி மாதிரி ஒரு சாயல் இருக்கும். கரையில அதை தின்ன நிறைய மிருகம் இருக்கு, தீவுல பல ஆயிரம் வருஷமா கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. ரேடியோ காலர் மாட்டி வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாரு, வால்ல இருக்கற தசைநாண் எவ்வளவு விறைச்சுப் போகுதுன்னு கூட அளந்தாரு. தீவு ஒப்போசம் மெதுவா கிழடாச்சு, கூட நாள் வாழ்ந்துச்சு, ஒரு ஈத்துக்கு குட்டி மட்டும் கொஞ்சம் கம்மி. 1993ல வெளியிட்டாரு.

குட்டி கம்மிங்கறதை கவனிங்க. 1957ல ஜார்ஜ் வில்லியம்ஸ் சொன்னது, சில மரபணு சும்மா சேர்ந்துபோன குப்பை இல்ல, இளமையில நல்லது பண்ணி முதுமையில அதுக்கு விலை கேக்கும்னு. அவரு கற்பனையா சொன்ன உதாரணம், எலும்புல சுண்ணாம்புச்சத்தை சீக்கிரம் சேக்கற மரபணு சின்ன வயசுல உதவும், அதுவே பின்னாடி ரத்தக்குழாயிலயும் சுண்ணாம்பை படிய வைக்கும். இதை சோதிக்க எந்த மரபணுவையும் தொட வேண்டாம், ஈ போதும். மைக்கேல் ரோஸ் வாழைப்பழத்துல மொய்க்கற பழ ஈயை வளத்து, வயசான ஈ போட்ட முட்டையை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்தாரு. அந்த வயசு வரைக்கும் உயிரோட இருந்து முட்டை போட தெம்பு இருக்கற வம்சம்தான் நீடிச்சுது. தலைமுறை போகப் போக ஈயோட ஆயுசு கூடிச்சு, இளவயசுல போடற முட்டை குறைஞ்சுது. 1984ல வந்த பேப்பர் அது.

நானும் பழ ஈ வளக்கறேன், ஆராய்ச்சிக்கு இல்ல, பசங்களுக்கு காட்ட. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், நல்லா கறுத்த வாழைப்பழம், வாய்க்கு பஞ்சு. ஜூலை ஆகஸ்டுல பத்து பன்னெண்டு நாள்ல முட்டை, புழு, கூடு, ஈன்னு ஒரு சுத்து முடிஞ்சிடும், பாட்டில் ஓரத்துல கூட்டுப்புழு அரிசி குருணை மாதிரி ஒட்டிட்டு இருக்கும். ஏப்ரல் வந்தா எல்லாம் நின்னுடும், ஈ பறந்துட்டுதான் இருக்கும், புழுவே வராது. இந்த ஜாதி ஆம்பள ஈ 30 டிகிரிக்கு மேல வளந்தா மலடாயிடும், நம்ம வேலூர் வெயில்ல கிளாஸ் ரூமுக்குள்ள என்ன கதின்னு சொல்லணுமா. முதல் வருஷம் காரணம் புரியாம பழத்தை மாத்தி மாத்தி வச்சுட்டிருந்தேன்.

இப்ப எங்க வீட்டுக்கே வர்றேன். எங்கம்மா எங்கப்பாவுக்கு அக்கா பொண்ணு. ஆயா தன் கூடப்பொறந்த தம்பிக்கே தன் மூத்த பொண்ணை குடுத்துடுச்சு. அதனால ஆயா எனக்கு அம்மாவைப் பெத்தவங்க, அப்பா வழியில பாத்தா அத்தை. அப்பா இன்னிக்கும் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவாரு, மாமியாருங்கற வார்த்தையே எங்க வீட்டுல கிடையாது. ஆயாவை கேட்டா, "தம்பி கையில குட்தா எம்பொண்ணு என் கண்ணு முன்னாலயே இருக்கும்"னு சொல்லும். மரபியல் கணக்குல இதுக்கு ஒரு எண் இருக்கு. என் உடம்புல எந்த மரபணுவை எடுத்தாலும், அம்மா குடுத்த காப்பியும் அப்பா குடுத்த காப்பியும் ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்த ஒரே காப்பியா இருக்க 8ல 1 வாய்ப்பு. அத்தை மகன் மாமன் மகள் கட்டிக்கிட்டா பிள்ளைக்கு 16ல 1.

இதை நான் சும்மா படிப்புக்காக சொல்லல. என் தம்பிக்கு பொறந்ததுல இருந்தே காது கேக்காது. சொந்தத்துல கட்டினதாலதான்னு உறவுக்காரங்க எங்கம்மா காது படவே பேசுவாங்க, அம்மா அடுப்படியில நின்னு அழுததை நான் பாத்திருக்கேன். இருக்கலாம். ஒரே பழுதான காப்பி ரெண்டு பக்கமும் வந்தா வர்ற செவிட்டுத்தன்மை உண்மையில இருக்கு, சொந்தத்துல கட்டற குடும்பங்கள்ல அதிகமாவும் பாக்கறோம். ஆனா உறவே இல்லாம கட்டினவங்களுக்கும் அது வருது. என் தம்பி ஒருத்தனை வச்சு இதுதான் காரணம்னு எந்த டாக்டரும் அடிச்சு சொல்ல முடியாது, ஜீன் டெஸ்ட் பண்ணினா ஒருவேளை தெரியலாம். எவ்வளவு ஆபத்து கூடுதுங்கறதுக்கு ஆயிரக்கணக்கான குடும்பத்தை எண்ணணும். அந்த எண்ணற வேலை நடந்த இடங்கள்ல ஒண்ணு நம்ம வட ஆற்காடு.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில சுந்தர் ராவும் இன்பராஜும் பண்ணின ஆராய்ச்சி 1977ல வந்துச்சு. கிராமத்துல நடந்த கல்யாணங்கள்ல பாதிக்கு கொஞ்சம் கம்மி சொந்தத்துல, டவுன்ல பத்துக்கு மூணு மாதிரி. மாமா அக்கா பொண்ணு, மாமன் பொண்ணு, இந்த ரெண்டுதான் அதிகம். கரு கலையறது, குழந்தை சாகறது எல்லாம் சொந்தத்துல கட்டினவங்களுக்கு நிறைய கூடியிருக்கணும்னு எதிர்பாத்தா, பெருசா வித்தியாசம் தெரியல. அவங்க சொன்ன ஒரு காரணம் என்னை பல நாள் யோசிக்க வச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இங்க சொந்தத்துல கட்டிட்டு வந்ததால, உயிரையே எடுக்கற பழுதான காப்பிங்கள்ல நிறைய ஏற்கனவே கழிஞ்சு போயிருக்கலாம்னு. கழிஞ்சு போயிருக்கலாம்னா, எத்தனையோ தாய்மாருங்க தூக்கிக் குடுத்த குழந்தைங்கன்னு அர்த்தம். அதுக்காக சொந்தத்துல கட்டறது நல்லதுன்னு இல்ல, அபூர்வ பரம்பரை நோய் வர்ற வாய்ப்பு கூடும்ங்கறது மாறல. என் பொண்ணுக்கு சொந்தத்துல கேட்டு வந்தப்ப நான் முடியாதுன்னு சொல்லிட்டேன், ஆயாவுக்கு அதுல வருத்தம்தான்.

பின்வயசு நோய்க்கும் இந்த மாதிரி எண்ணின ஒரு கதை இருக்கு. ஹண்டிங்டன்னு ஒரு நரம்பு நோய், ஒரே ஒரு பழுதான காப்பி போதும், பெரும்பாலும் முப்பது நாப்பது வயசுக்கு மேலதான் தலை காட்டும். அதுக்குள்ள கல்யாணம் ஆகி பிள்ளை பொறந்திருக்கும், இயற்கை அதை எப்படி வடிகட்டும்னு மெடவாருக்கு முன்னாடியே கேட்டவரு ஹால்டேன்ங்கற மரபியல் விஞ்ஞானி. 1957ல இங்கிலாந்தை விட்டுட்டு கொல்கத்தா வந்து, இந்திய குடியுரிமை வாங்கி, 1964ல புவனேஸ்வர்ல செத்துப்போன அதே ஹால்டேன்தான். அந்த நோய் வெனிசுலாவுல மரக்காய்போ ஏரிக்கரை குடும்பங்கள்ல நிறைய, நான்சி வெக்ஸ்லர் 1979ல இருந்து அங்க வீடு வீடா போய் பெரிய குடும்ப மரம் எழுதினாங்க, அவங்க அம்மாவும் அதே நோயிலதான் போனாங்க. 1993ல மரபணுவே கையில கிடைச்சிடுச்சு.

எங்க சின்ன மாமா 1971ல கே.வி.குப்பம் பக்கம் கிராமத்துல பொறந்தவரு. 1969ல இருந்து 1973 வரைக்கும் வேலூர் டவுன்லயும் பக்கத்து கிராமங்கள்லயும் பொறந்த பிள்ளைங்க பத்தாயிரத்துக்கும் மேல, அவங்க எடை, நீளம் எல்லாம் சி.எம்.சி.க்காரங்க எழுதி வச்சாங்க. ஆயாவுக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு, "தராசு தூக்கினு வருவாங்கோ, புள்ளைய துணியில வச்சி தொங்கவுட்டு பாப்பாங்கோ, இவன் கத்துவான் பாரு." அந்த பிள்ளைங்களை பள்ளிக்கூட வயசுலயும் பாத்தாங்க, 28 வயசு வாக்குல தேடிப் பிடிச்சு சர்க்கரையும் பாத்தாங்க. பொறக்கறப்பவும் கைக்குழந்தையிலயும் ஒல்லியா இருந்து, அப்புறம் வளர வளர எடை ஏறினவங்களுக்கு சர்க்கரை தகராறு வர்ற வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சுது, டெல்லியில இதே மாதிரி பிள்ளைங்களை தொடர்ந்து பாத்த ஆராய்ச்சியிலயும் அதேதான் வந்துச்சு. ஐம்பதுல வர்ற நோய்க்கு விதை தொட்டில்லயே விழுதுங்கறது அந்த துணித்தராசுல இருந்து வந்த செய்தி. மாமா இப்ப காலையில மாத்திரை போட்டுக்கறாரு.

ஆயா கணக்கை போன ஞாயித்துக்கிழமை உக்காந்து முடிச்சேன். கணக்கெடுக்கறவங்க தேதி தெரியாதவங்ககிட்ட ஊர்ல நடந்ததை சொல்லி, அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேப்பாங்க, அந்த வழியிலதான் நானும் கேட்டேன். காந்தி செத்தப்ப? "தெருவே அடுப்பு பத்த வைக்கல. மறு வருசம் உங்கப்பன் பொறந்தான். நாந்தான் இடுப்புல தூக்கினு திரிவேன், சோறு வடிப்பேன், கொடம் தூக்குவேன், ஆனா ஒக்காரல இன்னும்." உக்காந்தது எப்போ? "அதுக்கு அடுத்த ஆடி." அப்போ 1950. அந்த காலத்து கிராமத்துப் பொண்ணுக்கு பதிமூணு வயசு வச்சா 1937, ஒரு வருஷம் முன்ன பின்ன. அம்மா பொறந்தது காமராஜர் முதலமைச்சர் ஆன அதே சித்திரை, 1954, அப்ப ஆயாவுக்கு பதினேழு, கல்யாணம் ஆகி ரெண்டு மூணு வருஷம், எல்லாம் பொருந்தி வருது. 80ம் இல்ல, 93ம் இல்ல, 88. எங்க மாவட்டத்துக்கே நான் பொறந்ததுல இருந்து பேரும் எல்லையும் எத்தினி தடவையோ மாறிடுச்சு, ஆயாவுக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான், அதனால நோட்டுல பொறந்த ஊருக்கு பக்கத்துல அப்படியே எழுதினேன். ஆபீஸ்ல இந்த நோட்டை ஏத்துக்க மாட்டாங்க, அம்மாவோட ஸ்கூல் சர்டிபிகேட்டை சேத்து குடுத்திருக்கோம், பாக்கலாம்.

அப்புறம் சரி பாக்கறதுக்காக பிள்ளைங்க வரிசையை எழுதினேன். அம்மா 1954, பெரிய மாமா 1956, பெரிய சித்தி 1963, சின்ன சித்தி 1967, சின்ன மாமா 1971. எழுதி முடிச்சு பாத்தா 56க்கும் 63க்கும் நடுவுல ஏழு வருஷம் வெறுமையா இருக்கு. கணக்கெடுக்கறவங்களுக்கு சொல்லிக் குடுக்கற பாடம் இது, நீளமா இடைவெளி இருந்தா இன்னொரு தடவை கேளு, செத்துப்போன பிள்ளையை தாய் தானா சொல்ல மாட்டான்னு. நான் வகுப்புல சொல்லியிருக்கேன், இந்த வீட்டுல கேட்டதே இல்ல.

"ஆயா, இந்த நடுவுல?"

வெத்தலை இடிக்கற கை நின்னுச்சு. "ரெண்டு கீது பாப்பா. ஒண்ணு பொட்ட, மூணு மாசம். அதுக்கப்புறம் ஒரு பையன், தவழ்ந்துகினு இருந்தான், பேதியில பூட்டான்." கொஞ்ச நேரம் கழிச்சு பேரும் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் பேர் வச்சிருக்காங்க. எங்கம்மா பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுட்டு இருந்தவங்க நிமிர்ந்து பாத்தாங்க, தம்பி ஒருத்தன் இருந்தது ஞாபகம் இருக்கு, தங்கச்சி பேரு இப்பதான் கேக்கறேன்னாங்க.

அஞ்சுன்னு எழுதினதை அடிச்சிட்டு ஏழுன்னு எழுதி, ரெண்டு பேரையும் 56க்கும் 63க்கும் நடுவுல சேத்தேன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது, நோட்டை வாங்கி, எந்த வரி எந்த பிள்ளைன்னு என்னை விரல் வச்சு காட்டச் சொல்லுச்சு.